தேடினால் கிடைக்கவில்லையா? மெயிலிலும் கூகுளிலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

கிழக்கிலங்கையில் கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் எந்தக் கொமினிக்கேஷன் கடைக்குள் போனாலும், போட்டோக்கொப்பிக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது இதுதான்: “மெயில் வந்தது தம்பி, இப்ப காணல்ல.” இப்படி ஒருவர் வந்தால் நாங்கள் உடனே சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதில்லை. இரண்டு விசயத்தை முதலில் பார்ப்போம். தேடல் பெட்டி எந்த இடத்தில் தேடுகிறது? தேடுகிற பொருள் எந்த எழுத்தில் கிடக்கிறது? பொருள் பெரும்பாலும் இருக்கும். இடமோ எழுத்தோதான் பிழைத்திருக்கும்.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்குள்ள பிரச்சினை எதுவோ அங்கே நேராகப் போகலாம். தேடல் கட்டளைகளை உச்சரிப்பில் தமிழாக எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கட்டளைக்கும் முக்காற்புள்ளிக்கும் (:) அடுத்து வரும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது. விட்டால் அது கட்டளையாக வேலை செய்யாது.

மெயில் வந்தது நிச்சயம், தேடினால் ஒன்றும் இல்லை

முதல் கேள்வி: எந்த மெயில் முகவரிக்கு வந்தது? இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பல்கலைக்கழக விண்ணப்பமோ வெளிநாட்டு வேலைப் படிவமோ நிரப்பும்போது, மெயில் இல்லாதவருக்குக் கடையிலேயே ஒரு ஜீமெயில் திறந்து கொடுப்பது இங்கே வழக்கம். ஆறு மாதம் கழித்து அவர் தன் போனில் இருக்கும் வேறொரு முகவரிக்குள் தேடிக்கொண்டிருப்பார். சிலருக்கு மச்சானின் முகவரி, சிலருக்கு ஏஜென்சிக்காரரின் முகவரி. ஆகவே நிரப்பிய படிவத்தின் பிரதியை எடுத்து, அதில் எந்த முகவரி எழுதியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஜீமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வரும் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் மெயில் தவறாது. பின்னால் வரும் இலக்கம் ஒன்று மாறினால் அது வேறு ஆளின் பெட்டி.

முகவரி சரிதான் என்றால் அடுத்தது ஸ்பாமும் (குப்பை மெயில் பெட்டி) டிராஷும் (அழித்தவை கிடக்கும் பெட்டி). ஜீமெயில் சாதாரணமாகத் தேடும்போது இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் பார்ப்பதில்லை. இதைத் தெரியாமல்தான் பாதிப் பேர் மெயில் வரவே இல்லை என்று சாதிப்பார்கள். கொம்பியூட்டரில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறிய அடையாளத்தை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதன் கீழ்ப்பகுதியில் எங்கே தேடுவது என்ற வரிசை இருக்கும். அதில் மெயில், ஸ்பாம், டிராஷ் மூன்றையும் சேர்த்துத் தேடும் தெரிவைப் போடுங்கள். அல்லது தேடும் சொல்லோடு இன், முக்காற்புள்ளி, எனிவெயர் என்று சேர்த்து அடியுங்கள். போனில் என்றால் இடப்பக்கப் பட்டியலைத் திறந்து ஸ்பாம் பெட்டிக்குள்ளேயே நுழைந்து பார்ப்பது சுகம். தள்ளிப்போட வேண்டாம்: ஸ்பாமிலும் டிராஷிலும் கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். அதன்பிறகு எந்தத் தேடலும் உதவாது, அனுப்பியவரிடம் மறுகா கேட்க வேண்டியதுதான்.

அங்கேயும் இல்லையா? கணக்கு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயிலுக்கு மட்டும் உரியது அல்ல. போனிலிருந்து ஏறும் படங்களும் டிரைவில் கிடக்கும் ஃபைல்களும் அதையே தின்கின்றன. கல்யாண வீட்டு வீடியோ எல்லாம் ஏறிய கணக்கில் புது மெயில் நுழையாது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பெரிய மெயில்களைப் பிடிக்க லார்ஜர், முக்காற்புள்ளி, 10எம் என்று தேடினால் 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வரும்.

இன்னொன்று ஒஃபிஸ்களில் நடப்பது. பழைய கொம்பியூட்டர் ஒன்றில் அவுட்லுக் போட்டு, மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கும் விதத்தில் அமைத்திருப்பார்கள். அந்த மெயில் இனி அந்தக் கொம்பியூட்டருக்குள் மட்டும்தான். வீட்டிலிருந்து எவ்வளவு தேடினாலும் வராது.

கொம்பியூட்டரில் வருகிறது, போனில் வரவில்லை

போனோடு வந்த மெயில் அப்பில் தேடுகிறீர்கள். அவற்றில் பல, போனுக்கு இறக்கி வைத்த அண்மைக்கால மெயில்களுக்குள் மட்டும் தேடும். செட்டிங்கில் எத்தனை நாள் மெயிலை இறக்குவது என்பதைக் கூட்டலாம். ஆனால் ஜீமெயில் கணக்கை ஜீமெயில் அப்பிலேயே திறப்பதுதான் நல்லது. அப்பிலும் இரண்டு மூன்று கணக்கு இருந்தால், மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு எந்தக் கணக்குக்குள் நிற்கிறீர்கள் என்று உறுதிப்படுத்துங்கள்.

இருநூறு மெயில் வருகிறது, வேண்டியது ஒன்றுதான்

இது கிடைக்காத வியாதிக்கு நேர் எதிர். வங்கியின் பெயரை அடித்தால் வங்கி அனுப்பிய விளம்பரம் எல்லாம் கொட்டும். இங்கே செய்ய வேண்டியது சொல்லைக் கூட்டுவது அல்ல, வடிகட்டியைக் கூட்டுவது. அனுப்பியவர், இணைப்பு இருக்கிறதா, எந்தக் காலம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தாலே போதும், சொல்லே தேவைப்படாது. போன் அப்பில் தேடல் பெட்டியைத் தொட்டதும் கீழே இவை சின்னப் பொத்தான்களாக வரிசையில் நிற்கும். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை.

கட்டளையாக அடிப்பவர்கள் திகதியில் கவனம். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள். ஜீமெயிலுக்கு ஆண்டை முதலில் போடுவதே பாதுகாப்பு: ஆஃப்டர், முக்காற்புள்ளி, 2024/03/01. நாளை முதலில் போட்டால் எதிர்பார்த்த பட்டியல் வராது, மெயில் தொலைந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

சொல் போட்டுத்தான் தேட வேண்டும் என்றால், நீங்கள் சொல்லும் சொல்லைப் போடாதீர்கள். அனுப்பியவர் எழுதியிருக்கக்கூடிய சொல்லைப் போடுங்கள். கட்டாருக்குப் போகிற மகன் “டிக்கெட்” என்று தேடுவார். விமானக் கம்பனியோ ஐட்டினரரி, புக்கிங் ரெஃபரன்ஸ் என்று தலைப்புப் போட்டிருக்கும். முன்பதிவுக்கு ஆறு எழுத்து இலக்கம் கலந்த குறியீடு ஒன்று உண்டு, அது தெரிந்தால் அதையே அடியுங்கள். முழுதாக அடியுங்கள். ஜீமெயில் சொல்லை முழுச் சொல்லாகத்தான் பார்க்கும், குறியீட்டின் முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்தால் வராது. ஏஜென்சிகளின் மெயில் இன்னும் மோசம்: தலைப்பே இருக்காது, உள்ளேயும் ஒரு சொல் இருக்காது, ஸ்கேன் செய்த விசா மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குச் சொல்லால் தேடிப் பயனில்லை. அனுப்பியவரும் இணைப்பும்தான் வழி. வங்கி அனுப்பும் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்புக்குள்ளும் தேடல் நுழையாது.

பட்டியல் வந்தும் புது மெயில் கண்ணில் படவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பட்டியல் திகதிப்படி இல்லாமல் பொருத்தத்தின்படி அடுக்கப்பட்டிருக்கும்; மேலே உள்ள தெரிவில் அண்மையவை முதலில் என்று மாற்றுங்கள். மற்றது, ஒரே தலைப்பில் வந்த மெயில்களை ஜீமெயில் ஒரே கட்டாக மடித்து வைக்கும். கட்டை விரித்து அடிவரைக்கும் போங்கள்.

தமிழில் அடித்தால் மட்டும் கிடைக்கவில்லை

கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் எழுதிய உதவிக் குறிப்புகளில் இந்தப் பகுதியே இருக்காது.

முதலாவது வேற்றுமை உருபு. மெயிலில் “மட்டக்களப்பில்” என்று எழுதியிருக்க, நீங்கள் “மட்டக்களப்பு” என்று தேடினால் முழுச் சொல்லாகப் பார்க்கும் தேடலுக்கு அவை இரண்டும் வேறு சொற்கள். இரண்டையும் எழுதி நடுவில் ஓஆர் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டால் வேலை செய்யாது. திறந்திருக்கும் ஒரு பக்கத்துக்குள் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடும்போது நிலைமை தலைகீழ்: அங்கே சொல்லின் துண்டே போதும். “மட்டக்களப்” வரை அடித்து நிறுத்தினால் மட்டக்களப்பு, மட்டக்களப்பில், மட்டக்களப்பிலிருந்து எல்லாம் சிக்கும். போன் பிரவுசரில் இதே வேலைக்கு மூன்று புள்ளிப் பட்டியலில் பக்கத்துக்குள் தேடும் தெரிவு உண்டு.

இரண்டாவது, எழுதுகிறவர்களின் எழுத்துக்கூட்டல். அம்பாறை என்றும் அம்பாரை என்றும் எழுதுகிறோம். களுவாஞ்சிகுடிக்கு நடுவில் ஒரு ‘க்’ சிலர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பற்றிப் பள்ளிக்கூட ஒப்படைக்குத் தேடும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: விபுலாநந்தர், விபுலானந்தர் என்று இரண்டு விதமாகவும் எழுதப்பட்ட பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் மற்றப் பாதி கைக்கு வராது. மேற்கோள் குறி போட்டால் எழுத்துக்கெழுத்து அப்படியே வேண்டும் என்று பொருள், ஆகவே தமிழில் அதைக் கடைசியாகப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் பொல்லாதது. கண்ணுக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு வேறொன்று. மௌலவி என்ற சொல்லை எடுங்கள். சரியாக அடித்தால் மகரத்தோடு ஔகாரக் குறி ஒன்று சேரும். ஆனால் பலர் “மெ” அடித்து அடுத்ததாக “ள” என்ற எழுத்தையே அடித்து “மெளலவி” ஆக்கிவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் இரண்டும் சேராது. கௌரி, பௌர்ணமி, சௌந்தரம் எல்லாம் இதே கதை. பெயர்ப் பட்டியலில் ஒருவரைக் காணவில்லை, அவர் பெயரில் ஔகாரம் இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வரிசை உண்டு: ஒன்று ‘ஸ’வில் தொடங்கும், மற்றது ‘ஶ’வில் தொடங்கும். ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் என்று முழுப்பெயரை அடித்துக் கோயில் அறிவித்தலைத் தேடுவதை விட, ஸ்ரீயை விட்டுவிட்டு மாமாங்கேஸ்வரர் என்று தேடுவது பாதுகாப்பு.

பிடிஎஃப் திறக்கிறது, உள்ளே தமிழ் தெரிகிறது, தேடல் பூச்சியம் என்கிறது

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து கொப்பி செய்து, மெயில் எழுதும் பெட்டியிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

தமிழாகவே விழுந்தால் அது இப்போது எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட், மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் பிரச்சினைகளைப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழுந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் “தமிழ்” என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் உள்ளே கிடக்கும். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். இலங்கையில் பல்லாண்டு அச்சகங்களும் பத்திரிகைகளும் அரச அலுவலகங்களும் இப்படித்தான் அடித்தன, பழைய சுற்றறிக்கைகளும் பாடசாலை வினாத்தாள்களும் இந்த உருவில்தான் இணையத்தில் ஏறியிருக்கின்றன. இதற்கு வழி உண்டு. யுனிகோடைப் பாமினியாக்கும் மாற்றி ஒன்றைத் திறந்து, தேட வேண்டிய சொல்லை அதில் கொடுத்து, வெளியே வரும் குப்பையை அப்படியே எடுத்து பிடிஎஃப்பின் கண்ட்ரோல் எஃப் பெட்டியில் ஒட்டுங்கள். நீண்ட பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் ஒரு நொடியில் நிற்கும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும், சில பேர் அதற்காகவே இன்னொரு தடவை செய்யச் சொல்வார்கள்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதற்குள் எழுத்தே இல்லை. பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். தெளிவான அச்சுக்கு நன்றாக வரும், கையெழுத்துக்கும் மங்கிய றோணியோத் தாளுக்கும் நம்ப வேண்டாம். நூலகம் இணையத்தளத்தில் உள்ள பழைய ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் இப்படி ஸ்கேன்களே. அங்கே புத்தகத்துக்குள் உள்ள ஒரு வசனத்தைக் கூகுளில் அடிப்பதை விட, சஞ்சிகையின் பெயர், எழுதியவர், கட்டுரைத் தலைப்பு ஆகியவற்றால் தேடுவது பலன் தரும், ஏனென்றால் அவைதான் தட்டச்சாகிப் பக்கத்தில் இருக்கின்றன.

கூகுளில் தமிழ்நாட்டுப் பக்கங்கள்தான் வருகின்றன

மட்டக்களப்புக் கச்சேரிக்கு எந்த நேரத்தில் போகலாம் என்று தெரிந்துகொள்ள “கச்சேரி நேரம்” என்று அடித்தால் சென்னை சபாக்களின் பாட்டுக் கச்சேரிதான் வரும். மாவட்ட செயலகம் என்று அடியுங்கள். அரச அலுவல் எதற்கும் இலங்கைப் படிவத்தில் அச்சிட்ட பெயரையே போட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் என்றால் தமிழ்நாடு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்றால் இலங்கை. ஓட்டுநர் உரிமம் என்றால் தமிழ்நாடு, சாரதி அனுமதிப்பத்திரம் என்றால் இலங்கை. போலீஸை “பொலிஸ்” என்று எழுதினாலே பட்டியல் பாக்கு நீரிணையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் சைட், முக்காற்புள்ளி, ஜிஓவி டொட் எல்கே என்று சேருங்கள். இலங்கை அரச தளங்கள் மட்டும் வரும். எல்லா அரச நிறுவனமும் அந்த முடிவைப் பயன்படுத்துவதில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் தளம் டிஓஈநெட்ஸ் டொட் எல்கே. ஆகவே வரவில்லை என்றால் ஜிஓவியை விட்டு எல்கே மட்டும் போட்டுப் பாருங்கள். படிவம்தான் வேண்டும் என்றால் ஃபைல்டைப், முக்காற்புள்ளி, பிடிஎஃப் சேருங்கள். தமிழில் இல்லையென்றால் அதே படிவத்தின் ஆங்கிலப் பெயரால் ஒரு தடவை. எத்தனையோ திணைக்களத் தளங்களில் தமிழ்ப் பக்கம் பெயருக்குத்தான் இருக்கிறது, படிவம் ஆங்கிலப் பக்கத்தில் தொங்குகிறது. இதைச் சொன்னால் கோபம் வரும், வந்தாலும் விண்ணப்ப முடிவுத் திகதி நமக்காக நிற்காது.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிப்பவர்கள், காத்தான்குடி, சாய்ந்தமருது போன்றவற்றுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். இங்கேயும் ஓஆர்தான்.

போன வருசத்து அறிவித்தல்தான் வருகிறது

தேடியபின் டூல்ஸ் என்பதை அழுத்தி, எந்தக் காலமும் என்று இருப்பதைக் கடந்த மாதம் அல்லது கடந்த வருடம் என்று மாற்றுங்கள். ரயில் நேர அட்டவணைக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் எப்போதோ மாறிய நேரத்துக்கு ஸ்டேஷனில் போய் நிற்பீர்கள். ஆனால் பக்கத்தில் போட்டிருக்கும் திகதியை முழுதாக நம்பாதீர்கள், பழைய செய்தியை நேற்றுப் புதுப்பித்ததாகக் காட்டும் தளங்கள் உண்டு. அரச வேலை வெற்றிடம் என்றால் அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானியே கடைசிச் சொல். வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், ஆகவே வெள்ளிக்கிழமைத் திகதியைச் சேர்த்துத் தேடுவது விரைவு. கூகுள் மேலே எழுதிக் காட்டும் ஏஐ சுருக்கத்தில் முடிவுத் திகதி இருந்தாலும், வர்த்தமானியைத் திறந்து பார்த்த பிறகே காசு கட்டுங்கள். சுருக்கம் வேண்டாம், இணைப்புகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2024 முதல் ‘வெப்’ என்ற வடிகட்டி இருக்கிறது. மேலே உள்ள வரிசையில் தேடுங்கள், சிலவேளை ‘மோர்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும்.

பக்கம் முன்பு இருந்தது, இப்போது திறக்கவில்லை

கூகுள் முன்பு தன்னிடம் சேமித்த பிரதியைக் காட்டியது, 2024இல் அதை நிறுத்திவிட்டது. இப்போது இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின்தான். அங்கே சொல்லைப் போட வேண்டாம், திறக்காத பக்கத்தின் முழு முகவரியையும் ஒட்டுங்கள். நாட்காட்டி ஒன்று வரும், வட்டமிட்ட நாளை அழுத்தினால் அன்றைய பிரதி திறக்கும்.

முதலில் வந்த தளத்தை அழுத்தினேன், காசு கேட்கிறது

மேலே வருவது எல்லாம் தேடலின் விடை அல்ல. ஸ்பொன்சர்ட் என்று சிறிதாக எழுதியிருந்தால் அது காசு கட்டிப் போட்ட விளம்பரம். அதன் கீழே இறங்குங்கள். முகவரியில் முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியை வலமிருந்து இடமாக வாசியுங்கள்: கடைசியில் ஜிஓவி டொட் எல்கே என்று முடிந்தால் அது அரச தளம் (பரீட்சைத் திணைக்களம் போல எல்கே மட்டும் உள்ள அரச தளங்களும் உண்டு). அந்த எழுத்துகள் நடுவில் வந்து கடைசியில் வேறொன்று இருந்தால் மூடிவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை விளம்பரம் என்றால் ஏஜென்சியின் பெயரைக் கூகுளில் தேடி நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பது வேலைக்காகாது, அவர்களே எழுதிய புகழ்ச்சிதான் முதலில் வரும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்துக்குள் போய், அனுமதி பெற்ற முகவர் பட்டியலில் அனுமதி இலக்கத்தைக் கொண்டு தேடுங்கள். பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், இலக்கம் அப்படி இராது. இலக்கம் சொல்ல மறுத்தால் மெயிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1989க்கு எடுங்கள்.